கியூரி அம்மையாரும் பாரிஸ் ஆம்னிபஸ் வண்டியும்

பெரியோர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவர்கள் பெற்ற பட்டங்களையும் பரிசுகளையும் விரித்துரைத்து, அவர்கள் கொடுத்த வண்டிச்சத்தத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாது விடுதல் வழக்கம். மேரி கியூரி அம்மையார் இருமுறை நோபெல் பரிசு பெற்றவர் என்பதையும், ரேடியம் என்னும் அரும்பொருளைக் கண்டவர் என்பதையும் நம் கலாசாலை மாணவர் யாவரும் அறிவர். ரேடியத்தின் இயல்பைப் பற்றி விஞ்ஞான வகுப்பினர் நம்மினும் நன்கு உரைக்க வல்லர். நாம் இங்கே கூற எடுத்துக்கொண்டது அதனினும் சிறிய செய்தி. இருபத்து நான்காம் வயது நிறையும் தறுவாயில், அந்நிய தேசத்துப் பெருநகர் ஒன்றில் வந்திறங்கிய ஓர் ஏழை மாணவி, எவ்வாறு வண்டி ஏறினார், எவ்வாறு வண்டியை விட்டு இறங்கினார் என்பதே அச்செய்தி. சிறிய செய்தியாயினும் அவ்வம்மையாரின் வாழ்க்கையில் அது சிறிய இடம் பெற்றதன்று என்பது எம் துணிபு.

அம்மையாரின் இயற்பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. வீட்டில் அவரை மான்யா என்று அழைப்பர். 1867-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் தேதி போலந்து நாட்டு வார்ஸா நகரில் பிறந்தார். அந்நாளில் வார்ஸா ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. போலிஷ் மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் ருஷ்ய மொழியிலேயே பாடம் கேட்க வேண்டியிருந்தது. தந்தையார் பௌதிக சாஸ்திர ஆசிரியர். தாயார் க்ஷயரோகத்தால் 1878-ல் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மூத்த பெண் ஒருத்தி விஷசுரத்தால் மாண்டாள். எஞ்சிய நான்கு மக்களுள் இளையவர் மரியா. 1883-ல் பள்ளிப் படிப்பைத் தங்கப்பதக்கத்துடன் முடித்தார். அதற்குமேல் வழி அடைபட்டது. வார்ஸா சர்வகலாசாலையில் ஸ்திரீகளுக்கு இடமில்லை. அயல்நாடு சென்று கற்கவோ வீட்டில் பொருளில்லை.

இந்நிலையில் மரியாவும் அவருடைய தமக்கை பிரோன்யாவும் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். தமக்கை முதலில் பாரிஸ் சென்று வைத்தியம் கற்பது. தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. தமக்கை தேர்ச்சியடைந்தபின் தங்கையை அழைத்துக்கொண்டு கற்பிப்பது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் முறையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்ட இவ்வுடன்படிக்கையைப் பற்றிப் பலர் பலவாறு புகழ்ந்திருக்கின்றனர். நமக்கோ, அதன்பின் கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கையே போதிய சான்றாகத் தோன்றுகிறது. 1886-ஆம் ஆண்டின் முதல் நாள், உறைபனிக் காலத்தில், மரியா ரயிலேறிச் சென்று, பின்பு பல நாழிகை பனிச்சறுக்கு வண்டியில் பிரயாணம் செய்து, ஷ்ச்சூக்கி என்னும் கிராமத்தில் ஒரு குடும்பத்துக் குழந்தைகளுக்கு உபாத்தினியாய் அமர்ந்தார். வருஷச் சம்பளம் ஐந்நூறு ரூபிள். அதில் ஏறக்குறையப் பாதி மாதந்தோறும் பாரிஸுக்குப் போயிற்று. மூன்றரை ஆண்டு அவ்விடத்திலேயே கழிந்தது. அங்கே ஓய்வு நேரத்தில் குடியானவர் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் போலிஷ் எழுத்துக் கற்பித்தார். அரசாங்கத்தார் அறிந்தால் ஸைபீரியாவுக்கு அனுப்பத்தக்க குற்றம் அது. இரவில் தாமே கணிதமும் பௌதிகமும் படித்தார். 1890-ல் பிரோன்யா தம் விவாகச் செய்தியைத் தெரிவித்து, இனித் தம்மோடு வந்து தங்கிப் படிக்கலாம் என்று எழுதியபோதும், முதுமையெய்திய தந்தையை விட்டுப் பிரிய மனமின்றி மறுத்தார். அடுத்த ஆண்டே துணிவு பிறந்தது.

துணிவு பிறந்தபின் எழுந்த முதல் கேள்வி ரயில் கட்டணத்தைப் பற்றியது. படுக்கை, மெத்தை, துணிமணி முதலியவற்றை மெதுவாய்ச் செல்லும் சரக்கு ரயிலில் முன்கூட்டியே அனுப்பினார். பாரிஸில் புதிதாக விலைகொடுத்து வாங்கும்படி நேரலாகாது என்பதே காரணம். ஜெர்மனி தேசத்து ரயில்களில் அந்நாளில் நான்காம் வகுப்பு என்று ஒன்று உண்டு. சுவரை ஒட்டி மாத்திரம் பலகை இருக்கும், நடுவிடம் வெறுமையாயிருக்கும். தாமே கொண்டுவரும் மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு அவ்வெற்றிடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மரியா அவ்வாறே ஒரு மடக்கு நாற்காலியும், கம்பளியும், சில புத்தகங்களும், வழிக்கு வேண்டிய ஆகாரமும், ஒரு பை மிட்டாயும் எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் கட்டுச்சோற்று மூட்டையுடனும் தகரப் பெட்டியுடனும் மூன்றாம் வகுப்பில் ஏறி முதன்முதல் கலாசாலைக்கு வந்த பழைய மாணவர்கள் இக்காட்சியை எளிதில் மனத்திற் காண்பர். இவ்வாறு ஐரோப்பாக் கண்டத்தின் குறுக்கே பிரயாணம் செய்து, 1891-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரின் வடக்கு ஸ்டேஷனில் வந்திறங்கினார்.

பிரோன்யாவும் அவர் கணவர் கஸிமீர் டுலூஸ்கியும் நகரின் வடகிழக்குக் கோடியில், லா வில்லெட் என்னும் பேட்டையில், ஜெர்மனி வீதி என்று அந்நாளில் பெயர் வழங்கிய நெடுந்தெருவில் குடியிருந்தனர். அது தொழிலாளரும் கசாப்புக்காரரும் மிகுந்த பகுதி. ஸோர்பான் என்னும் புகழ்பெற்ற சர்வகலாசாலையோ ஸேன் நதிக்குத் தெற்கே, லத்தீன் பேட்டையில் உள்ளது. இடையே நகரம் முழுவதும் கிடந்தது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் வகுப்புகள் ஆரம்பமாயின. அன்று முதல் நாள்தோறும் காலையும் மாலையும் நகரைக் குறுக்கே கடப்பது மரியாவின் கடமையாயிற்று.

அந்நாளைய பாரிஸில் நிலத்தடி ரயில் இல்லை. அது 1900-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான் ஓடத் தொடங்கிற்று. நகருக்குள் எளியோரை ஏற்றிச் சென்றவற்றுள் முதன்மையானது குதிரைகள் இழுத்த ஆம்னிபஸ் வண்டி. 1855-ல் தனித்தனிச் சொந்தக்காரர்களின் வண்டிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒரே கம்பெனி ஏற்பட்டது. அக்கம்பெனியின் வண்டிப் பாதைகளுக்கு அகரவரிசைப்படி ஒவ்வோர் எழுத்துப் பெயராயிருந்தது. வண்டியின் உடல் வர்ணத்தையும், இரவில் விளக்கின் வர்ணத்தையும் கண்டு இன்ன பாதைக்குரியது என்று பழகியவர் தூரத்திலேயே அறிந்துகொள்வர். புதிதாய் வந்தவருக்கு அது எளிதன்று. ஏறும் முறையும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. முக்கியமான சந்திகளில் கம்பெனியின் சிறு அறைகள் இருந்தன. ஏற விரும்புவோர் அங்கே சென்று எண்ணிட்ட சீட்டு ஒன்று பெற்றுக் காத்திருப்பர். வண்டி வந்ததும் எண்ணைக் கூப்பிடுவார்கள். தம் எண் அந்நிய மொழியில் விரைந்து கூவப்படும்போது காதில் விழாமற் போனால், பின் எண்காரர் ஏறிவிடுவார். இருக்கைகள் நிறைந்துவிட்டால் நிறைவு என்று பொருள்படும் பலகையைக் காட்டிக்கொண்டு வண்டி நில்லாமலே போய்விடும். மழைக்காலத்தில் அப்பலகையைக் கண்டு பெருமூச்செறியாத பாரிஸ்வாசி எவரும் இரார்.

கட்டணத்தின் செய்தியை இங்கே சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் நம் கதை அதனைப் பற்றியே நிற்கிறது. வண்டிக்குள் உட்கார முப்பது ஸாந்தீம். நூறு ஸாந்தீம் கொண்டது ஒரு பிராங்கு. உள்ளிருப்பவர் வேண்டினால் அதே கட்டணத்தில் மாற்றுச் சீட்டுப் பெற்று, வழியில் இறங்கி வேறு பாதை வண்டியில் ஏறலாம். வண்டியின் கூரைமேலும் இருக்கைகள் உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் அங்கே மறைவில்லை. ஆனால் கட்டணம் பாதி, பதினைந்தே ஸாந்தீம். மாற்றுச் சீட்டுச் சலுகை இல்லை. முற்காலத்து வண்டிகளில் கூரைக்கு ஏற ஏணி போன்ற இரும்புப் படிகளே இருந்தமையால் ஸ்திரீகள் மேலே செல்வதில்லை. பின்புறத்தில் வளைந்து செல்லும் படிக்கட்டு அமைந்த பெரிய வண்டிகள் வந்தபிறகே அவ்வழக்கம் மாறிற்று. மூன்று குதிரைகள் பூட்டிய அவ்வண்டிகளில் ஏறத்தாழ நாற்பது பேர் செல்லலாம்.

மரியா மேல்தட்டில் ஏறினார். ஒரு கையில் தோற்பை. மறு கையால் படிக்கட்டின் கம்பியைப் பற்றிக்கொண்டு, குளிர்காற்று முகத்தில் அறைய, உயரத்தில் அமர்ந்து பிரயாணம் செய்தார். செலவைக் குறைப்பதற்காகவே அவர் அவ்வாறு செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் வேறொரு லாபமும் இருந்தது. உள்ளே முப்பது ஸாந்தீம் கொடுத்து அமர்ந்த கனவான் எதிரிலிருப்பவரின் முழங்காலை மட்டுமே காண்பார். மேலே இருந்த ஏழைப் பெண்ணோ நகர் முழுவதையும் கண்டார். நீண்ட பெருவீதிகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. ஸேன் நதியின் இரு கிளைகளும், நடுத்தீவும், நோத்ர்தாம் தேவாலயத்தின் கோபுரங்களும் கண்முன் வந்தன. அப்பால் ஸான் மிஷேல் வீதியின் ஏற்றத்தில் குதிரைகள் நடை தளர்ந்தன. வீதியோரத்துப் புத்தகக் கடைகளில் எல்லாத் தேசத்து நூல்களும் வெளிப்படையாக விற்கப்பட்டன. தெருவில் நடப்போர் தம் தாய்மொழியில் தாம் விரும்பியதைப் பேசிக்கொண்டு சென்றனர். வார்ஸாவில் வளர்ந்த பெண்ணுக்கு இது எத்தகைய ஆச்சரியமாயிருந்திருக்கும் என்பதை, அந்நிய ஆட்சியின்கீழ்ப் படித்த நம் முன்னோர் நன்கு உணர்ந்திருப்பர்.

ஸோர்பானின் பழைய கட்டிடங்களை அக்காலத்தில் இடித்துப் புதுக்கிக் கட்டிக்கொண்டிருந்தனர். சாரங்களும் கற்குவியல்களும் நடுவே கிடக்க, பாடங்கள் ஓரறையிலிருந்து மற்றோரறைக்கு மாறிக்கொண்டிருந்தன. பதிவேட்டில் தம் பெயரைப் பிரெஞ்சு முறைப்படி மேரி என்று எழுதினார். விஞ்ஞானப் பகுதியில் பெண்கள் மிகச் சிலரே. பிரெஞ்சு மொழி தமக்கு நன்றாய் வரும் என்று எண்ணியிருந்தவர், ஆசிரியர் விரைந்து பேசும்போது முழு வாக்கியங்களே நழுவிப்போவதைக் கண்டார். கிராமத்து இரவுகளில் தாமே கற்ற கணிதம் போதாது என்பதும் வெளியாயிற்று. லிப்மான், அப்பெல் போன்ற பேராசிரியர்களின் பிரசங்கங்களைப் பின்பற்ற வேண்டுமானால் இழந்த ஆண்டுகளின் படிப்பையெல்லாம் சில மாதங்களில் ஈட்டவேண்டும். இதற்கு வேண்டியது ஒன்றே. அது பணமன்று, நேரம்.

நிற்க. லா வில்லெட்டிலிருந்து ஸோர்பான் செல்ல ஆம்னிபஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. திரும்ப மற்றொரு மணி. வாரத்துக்கு ஆறு நாளாகக் கணக்கிட்டால் பன்னிரண்டு மணி நேரம் குதிரைகளின் காலடியில் கழிந்தது. வீடு சேர்ந்தபின்னும் அமைதியில்லை. டுலூஸ்கி வைத்தியர், மாலை வேளையில் நோயாளிகள் வருவர். இரவில் கதவைத் தட்டி அழைப்போரும் உண்டு. தாய்நாட்டிலிருந்து ஓடிவந்த போலந்து வாலிபர்கள் அவ்வீட்டில் கூடுவர். பியானோ வாத்தியமும், தேநீரும், அரசியல் விவாதமும் இரவு வெகுநேரம் நடக்கும். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பாடெரெவ்ஸ்கி என்னும் வாத்தியக்காரரும் அங்கு வந்ததுண்டு. மைத்துனி புத்தகமும் கையுமாய் மூலையில் முடங்கிக் கிடப்பதைக் கண்டால் டுலூஸ்கி விடமாட்டார். கச்சேரிக்கோ விருந்துக்கோ இழுத்துச் செல்வார். அன்பினால் செய்ததுதான். அன்பிலும் படிப்புக்கு இடையூறு உண்டாதலை உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவர் அறியாதவரல்லர்.

மேரியின் முன்னே இருந்த சங்கடம் நாம் எளிதாய்க் கருதத்தக்கதன்று. தமக்கைக்காகப் பல ஆண்டு உழைத்தவர் அவர். அவ்வுழைப்புக்கு ஈடாகத் தமக்கை கொடுத்தது அந்த வீடு. அங்கே கூலியில்லை, சாப்பாட்டுக்குக் கவலையில்லை, பேச்சுத் துணைக்குத் தாய்மொழி உண்டு. அதைவிட்டுப் போவது உடன்படிக்கையைத் தாமே முறிப்பதுபோலத் தோன்றக்கூடும். போகாதிருந்தாலோ, வண்டிச்சத்தமும் நேரமும் நாள்தோறும் கரையும். தமக்கையும் மைத்துனரும் முதலில் இசையவில்லை. கடைசியில், ஸோர்பானுக்கு நடந்தே செல்லும் தூரத்தில் ஓர் அறை பார்ப்பதென்று முடிவாயிற்று. 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஃப்ளாட்டெர் வீதி 3-ஆம் எண் வீட்டில் குடியேறினார். அங்கிருந்து ரசாயனசாலைக்குக் கால் மணி நேர நடை. ஸோர்பானுக்கு இருபது நிமிஷம்.

இவ்வாறு, பாரிஸுக்கு வந்த ஐந்தாம் மாதத்தில் அவர் ஆம்னிபஸ்ஸின் மேல்தட்டிலிருந்து இறங்கினார். அதன்பின் மழையிலும் பனியிலும் நடையே நடை. வீட்டிலிருந்து வருவதும் தாம் சேர்த்துவைத்ததும் சேர்ந்து மாதம் நாற்பது ரூபிள், அதாவது நூறு பிராங்கு. நாளொன்றுக்கு மூன்று பிராங்கு என்று கொள்க. அறைவாடகை, ஆகாரம், உடை, காகிதம், சர்வகலாசாலைக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். மேல்தட்டுக் கட்டணமே போகவும் வரவும் முப்பது ஸாந்தீமாகும். அது மூன்று பிராங்கில் பத்தில் ஒரு பங்கு. அப்பங்கை நடந்து மிச்சம் பிடித்தார்.

அறை உச்சிமாடியில், கூரைக்கு நேர்கீழே இருந்தது. சாய்ந்த கூரையில் ஒரு சிறு ஜன்னல்; அதுவே வெளிச்சத்துக்கும் வழி. கணப்பு அடுப்புக்கு வேண்டிய கரியைத் தாமே வாளியில் எடுத்துக்கொண்டு ஆறு மாடி ஏறுவார். விளக்குக்கும் கரிக்கும் ஆகும் செலவைக் குறைக்க மாலையில் ஸான்த் ஜெனவியேவ் நூல்நிலையத்துக்குச் சென்றுவிடுவார். அது வெளிச்சமும் வெப்பமும் உள்ள இடம். இரவு பத்து மணிக்கு அதை அடைத்தபின், எதிரே இருண்டு நிற்கும் பாந்தெயான் என்னும் பெரிய மண்டபத்தைக் கடந்து வீடு திரும்பி, மீண்டும் இரண்டு மணி வரையில் படிப்பார். கடுங்குளிர் நாட்களில் முகம் கழுவும் பாத்திரத்து நீர் இரவில் உறைந்துபோகும். அப்போது பெட்டியிலுள்ள துணி முழுவதையும் போர்வைமேல் குவித்துக்கொண்டு தூங்குவார். சமையல் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள நேரமும் செலவிடவில்லை. ரொட்டி, வெண்ணெய், தேநீர், எப்போதாவது முட்டை, பழம் ஆகியவற்றால் வாரங்கள் கழிந்தன.

ஒருநாள் தோழி ஒருத்தியின் முன்னிலையில் மயங்கி விழுந்தார். தோழி ஓடிச்சென்று செய்தி சொல்ல, டுலூஸ்கி நகரின் மறுகோடியிலிருந்து விரைந்து வந்தார். ஆறு மாடியும் ஏறி உள்ளே நுழைந்து, நோயாளியைப் பார்ப்பதற்கு முன் சமையற் பாத்திரங்களைப் பார்த்தார். அவை துடைத்து வைத்தபடியே இருந்தன. கேட்டதில், முந்தின நாள் மாலையிலிருந்து சில முள்ளங்கியும் சிறிது செர்ரிப் பழமும் மட்டுமே தின்றதாகத் தெரிந்தது. டுலூஸ்கி அதற்குமேல் விவாதிக்கவில்லை. கையோடு அழைத்துக்கொண்டு லா வில்லெட்டுக்குப் போனார். அங்கே பிரோன்யா இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்துத் தாமே ஊட்டாத குறையாக உண்பித்தார். சில நாளில் உடல் தேறிற்று. பரீக்ஷை நெருங்குகிறதென்று சொல்லி மேரி மீண்டும் உச்சிமாடிக்குத் திரும்பிவிட்டார். மீண்டும் தேநீரும் ரொட்டியுந்தான். இதனை நாம் புகழ்ந்து கூறவில்லை. உண்ணாமற் படித்தலை விடுதி மாணவர் எவரும் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அம்மையாரே பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதுகையில், தனிமையும் குளிரும் நிறைந்த அவ்வாண்டுகளைத் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த நினைவுகளுள் ஒன்றாகக் கருதினார் என்பதையும் மறைத்தல் முறையன்று.

1893-ஆம் ஆண்டு பௌதிக சாஸ்திரப் பட்டப் பரீக்ஷையில் முதல்வராய்த் தேறினார். கணிதத்திலும் பட்டம் பெற விருப்பம். கையிலோ பணமில்லை. அப்போது வார்ஸாவிலிருந்து அலெக்ஸாண்ட்ரோவிச் உபகாரச் சம்பளம் அறுநூறு ரூபிள் கிடைத்தது. 1894-ல் கணிதத்தில் இரண்டாமவராய்த் தேறினார். பின்னர், எஃகு வகைகளின் காந்த சக்தியை ஆராய்ந்து கொடுத்ததற்காகத் தமக்குக் கிடைத்த முதல் ஊதியத்திலிருந்து, அவ்வறுநூறு ரூபிளையும் திருப்பிச் செலுத்திவிட்டார். கொடுத்தவர் அதைக் கடனாகக் கொடுக்கவில்லை. வாங்கியவர் அதைக் கடனாகவே வைத்திருந்தார். உபகாரச் சம்பளத்தை எவரும் திருப்பியனுப்பிய வழக்கம் அந்த நிதிக்காரர் அறியாதது.

அந்த எஃகு ஆராய்ச்சிக்கு இடம் தேடியபோதுதான் 1894-ன் வசந்த காலத்தில் பியேர் கியூரி என்னும் பௌதிக அறிஞரைச் சந்தித்தார். அவர்கள் விவாகம் 1895-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி நடந்தது. அன்று காலை, மணமகன் மணமகளை அழைத்துச் செல்ல வந்தார். பியேரின் பெற்றோர் வசித்த ஸோ என்னும் ஊருக்குப் போக லுக்ஸெம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறவேண்டும். அந்த ஸ்டேஷன் வரையில் இருவரும் சென்ற வாகனம் எது என்று நினைக்கிறீர்கள்? ஆம்னிபஸ், அதிலும் மேல்தட்டு. மேரி பூண்டிருந்தது வெண்பட்டன்று. பின்னர் ஆராய்ச்சிசாலையிலும் உடுத்தத்தக்க கருநீல உடை. ஸான் மிஷேல் வீதியின் ஏற்றத்தில் குதிரைகள் பழையபடியே நடை தளர்ந்தன. ஸோர்பானின் விஞ்ஞானப் பகுதி வாயிலைக் கடக்கையில் மேரி தம் துணைவரின் கையைச் சற்று இறுகப் பற்றிக்கொண்டார் என்று அவர்களுடைய இளைய குமாரத்தி ஏவ் எழுதிய சரிதத்தால் அறிகிறோம். உறவினர் ஒருவர் அன்பளிப்பாய்த் தந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, புதுமணத் தம்பதிகள் கிராமம் கிராமமாய்ச் சுற்றிவந்தனர்.

இதன் பின்னுள்ளவற்றைச் சுருக்கிக் கூறுவோம். அவை எல்லாப் பாடப்புத்தகங்களிலும் உள்ளன. 1898 ஜூலையில் தம் தாய்நாட்டின் பெயரால் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் ஆகிய இரு மூலப்பொருள்களைக் கியூரி தம்பதிகள் அறிவித்தனர். பொஹீமியாவிலிருந்து பிட்ச்பிளெண்டு என்னும் கனிப்பொருளின் கழிவு, பைன் இலைச் சருகுகள் கலந்தபடியே சாக்குகளில் வந்து லோமோன் வீதியில் இறங்கிற்று. ஒழுகும் கூரையுடைய கொட்டகை ஒன்றில் அதைக் காய்ச்சிக் காய்ச்சி, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தனர். 1903-ல் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு பெக்கெரெலுக்கும் இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. இவ்வளவும் நடந்த காலத்தில் அம்மையார், 1900 முதல், ஸேவ்ர் என்னும் இடத்திலிருந்த பெண் ஆசிரியர் கலாசாலையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போகவர ட்ராம் வண்டிக்காக வீதியோரத்தில் காத்துக் கழித்த நேரம் அற்பமன்று. உலகம் அறிந்த ஆராய்ச்சியாளராயினும் ட்ராம் அவருக்காக விரைந்து வரவில்லை.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் தேதி மழை பெய்துகொண்டிருந்தது. போன்நெஃப் பாலத்தின் அருகே, தொஃபீன் வீதியை நடந்து கடக்க முயன்ற பியேர், இராணுவ உடைகளை ஏற்றிவந்த பாரமான குதிரை வண்டியின் முன் வழுக்கி விழுந்தார். பின்சக்கரம் தலைமேல் ஏறிற்று. அக்கணமே உயிர் நீங்கிற்று. அவருக்கு வயது 46. இதைப்பற்றி நாம் மேலும் எழுத விரும்பவில்லை.

அரசாங்கம் கொடுக்க முன்வந்த உதவிச் சம்பளத்தை அம்மையார் ஏற்கவில்லை. கணவர் வகித்த பீடத்தில் அவரையே அமர்த்தினர். ஸோர்பானில் ஒரு பெண் பாடம் சொன்னது அதுவே முதன்முறை. நவம்பர் 5-ஆம் தேதி, கூடியிருந்த பெருங்கூட்டம் கண்ணீரும் புகழுரையும் எதிர்பார்த்திருக்க, பியேர் எவ்விடத்தில் பாடத்தை நிறுத்தினாரோ அவ்விடத்திலிருந்தே தொடங்கிப் பேசி முடித்தார். பின்பு வாசத்தை ஸோவுக்கு மாற்றிக்கொண்டார். அவ்வூர்க் கல்லறையில் பியேர் இருந்தார். குழந்தைகளுக்கு அங்கே தோட்டமும் பாட்டனாரும் இருந்தனர். அதற்கு அவர் கொடுத்த விலை மறுபடியும் பிரயாண நேரமே. ஆராய்ச்சிசாலைக்கு அரைமணி நேர ரயில். முன்பு படிப்புக்காக உறவினர் வீட்டையும் வண்டியையும் விட்டவர், இப்போது குழந்தைகளுக்காக நாள்தோறும் ரயிலைத் துரத்தினார்.

1911-ல் ரசாயனத்துக்குரிய நோபெல் பரிசும் கிடைத்தது. 1914-ல் மகாயுத்தம் மூண்டு, ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, பிரான்ஸ் தேசத்திலிருந்த ஒரு கிராம் ரேடியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அம்மையாரைச் சார்ந்தது. காரீயப் பேழையில் அடங்கிய அதன் நிறை ஏறத்தாழ இருபது கிலோ. நகரைவிட்டு ஓடுவோர் நிறைந்த ரயிலில், அப்பேழையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்தோ நகருக்குப் போனார். இரவில் ஸ்டேஷனில் இறங்கியபோது சுமக்க ஆளில்லை, தங்க இடமுமில்லை. ஓர் அறிமுகமில்லாதவர் உதவினார். மறுநாள் பேழையைப் பத்திரமான இடத்தில் ஒப்படைத்துவிட்டு, எல்லோரும் விட்டோடும் நகரத்துக்கு அவர் மட்டும் திரும்பி ரயிலேறினார். அதன்பின் எக்ஸ்கதிர்க் கருவி பொருத்திய மோட்டார்கள் இருபது தயாரித்து, காயமுற்ற சிப்பாய்களிருந்த இடங்களுக்கு அனுப்பினார். 1916-ல், நாற்பத்தெட்டாம் வயதில், மோட்டார் ஓட்ட அனுமதிச் சீட்டும் பெற்றுக்கொண்டார். சக்கரம் மாற்றவும் அவருக்குத் தெரியும்.

ரேடியக் கதிர்களால் நைந்த அவ்வுடல் 1934-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் தேதி ஓய்ந்தது. ஸோவில் கணவரின் அருகே அடக்கம் செய்தனர். 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இருவருடைய பேழைகளையும் அங்கிருந்து எடுத்து, பிரெஞ்சு ஜனாதிபதியும் போலந்து ஜனாதிபதியும் உடனிருக்க, பாந்தெயான் மண்டபத்தில் வைத்தனர். நூல்நிலையம் அடைத்தபின் இரவு பத்து மணிக்கு அவர் கடந்து சென்ற அதே மண்டபம். தம் சொந்தத் தகுதியால் அங்கே இடம் பெற்ற முதற் பெண் அவரே.

வண்டிகளைப் பற்றித் தொடங்கினோமாதலின் அவற்றின் செய்தியையும் கூறி நிறுத்துவோம். பாரிஸில் கடைசிக் குதிரை ஆம்னிபஸ் 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஓடி நின்றது. அது ஓடிய பாதை லா வில்லெட்டிலிருந்து நதியைத் தாண்டி ஸான் ஸுல்பீஸ் வரையில். ஜெர்மனி வீதியின் பெயரையும் 1914-ல் மாற்றிவிட்டனர். இப்போது லா வில்லெட் பக்கத்திலிருந்து லத்தீன் பேட்டை வழியாகத் தெற்கே இவ்ரி வரையில் செல்வது நிலத்தடி ரயிலின் 7-ஆம் பாதை. இவ்ரியில் அதன் நிலையம் ஒன்றுக்கு 1946-ல் பியேர் கியூரி என்று பெயரிட்டனர். அப்பெயரோடு மேரியின் பெயரையும் சேர்த்து எழுதியது 2007-ல்.